இளையோருக்கான டிஸ்டோபியா நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு காலை ஏழரை மணிக்கு வாசிப்பு வட்டம் கூடும். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். பாலக்கோடு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. நான் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோரும், கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பள்ளிகளில் வேலை செய்யும் என் பழைய மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். கதை முடிவுகளைக் கூடுமானவரை சொல்லாமல் விட்டிருக்கிறேன். பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய இடங்களில் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

டிஸ்டோபியா என்றால் என்ன?

1516இல் தாமஸ் மோர் என்ற ஆங்கிலேயர் குறையில்லாத ஒரு தீவைக் கற்பனை செய்து அதற்கு 'யுடோப்பியா' என்று பெயர் வைத்தார். அதன் தலைகீழ்தான் டிஸ்டோபியா. 1868இல் ஜான் ஸ்டூவர்ட் மில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்.

பிள்ளைகளுக்கு நான் வேறு விதமாகச் சொல்வேன். திருக்குறளில் 56ஆம் அதிகாரம் கொடுங்கோன்மை. அதை அவர்கள் அறிவார்கள். அந்தக் கொடுங்கோன்மை 'உன் நன்மைக்குத்தான்' என்று சிரித்த முகத்தோடு வந்தால் எப்படி இருக்கும்? ஒழுங்கு, பாதுகாப்பு, எல்லோரும் சமம் என்று நல்ல பெயர்களைச் சூட்டிக்கொண்டு வந்தால்? அதைப் பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட ஒரு பிள்ளை கண்டுபிடிக்கிறாள் என்றால் அதுதான் இந்த வகை நாவல்.

இவ்வளவு இருட்டான கதைகளைப் பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும்? மனம் கெட்டுவிடாதா?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். பகல் முழுக்க உழைத்துவிட்டு வந்து, பிள்ளை கையில் இருக்கும் புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறவர்கள்.

ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இருட்டு புதிதாகத் தெரியவருவதில்லை. வகுப்புத் தோழி ஒருத்தி கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்குத் திரும்பவில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம் என்பதும் தெரியும். தெரியாதது, அதைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதுதான். தன் ஊரைப் பற்றி நேரடியாகக் கேட்டால் வாயைத் திறக்காத பிள்ளை, எங்கோ ஒரு கற்பனை நாட்டைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுகிறாள். ஒன்பது ஆண்டுகளாக இதை வாரந்தோறும் பார்க்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் விலகிப் போய்விடக் கூடாது. அவள் கடைசிப் பக்கத்தை மூடும் நாளில் பேசுவதற்கு ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அம்மா, மாமா, அக்கா, டீச்சர், யாராக இருந்தாலும் சரி.

முதல் புத்தகமாக எதைக் கொடுக்கலாம்?

ஜீன் டுப்ராவ் எழுதிய 'தி சிட்டி ஆஃப் எம்பர்'. 2003இல் வந்தது. பூமிக்கு அடியில் ஒரு நகரம். வானம் என்ற ஒன்று அந்த மக்களுக்குத் தெரியாது. மின்விளக்கு அணைந்தால் கும்மிருட்டு. ஜெனரேட்டர் பழுதாகிக்கொண்டே வருகிறது, கிடங்கில் பல்புகள் தீர்ந்துகொண்டே வருகின்றன. லினா, டூன் என்ற இரண்டு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கையில் கிழிந்துபோன ஒரு பழைய காகிதம் கிடைக்கிறது. அதில் பாதி எழுத்துகள் இல்லை.

கொலை இல்லை, காதல் இல்லை, ஆங்கிலமும் எளிது. ஏழாம் வகுப்பிலிருந்தே கொடுக்கலாம். அந்தக் கிழிந்த காகிதம் புத்தகத்தில் அப்படியே அச்சாகியிருக்கும். எங்கள் மாடியில் அதைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினோம். விட்டுப்போன எழுத்துகளை நிரப்பப் பிள்ளைகள் இரண்டு ஞாயிறுகள் மல்லுக்கட்டினார்கள். ஆங்கிலப் பாடத்தில் தேறாத ஒரு பையன்தான் முதலில் ஒரு சொல்லைப் பிடித்தான்.

'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்கிறார்களே, அதை எப்படிக் கொடுப்பது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

சூசன் காலின்ஸ் எழுதிய இந்த நாவல் 2008இல் வெளியானது. பானெம் என்ற நாட்டில் ஒரு தலைநகரமும் 12 மாவட்டங்களும் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் ஒரு பையனும் ஒரு பெண்ணும் குலுக்கலில் எடுக்கப்படுகிறார்கள். 24 பேர் ஒரு களத்தில் விடப்பட்டு, ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை சாக வேண்டும். நாடு முழுவதும் அதைத் தொலைக்காட்சியில் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ரியாலிட்டி நிகழ்ச்சி, இன்னொரு பக்கம் இராக் போர்க் காட்சிகள் என்று ஒரு இரவு தொலைக்காட்சிச் சானல்களை மாற்றிக்கொண்டிருந்தபோது இந்தக் கதை தோன்றியதாக ஆசிரியரே சொல்லியிருக்கிறார்.

கொலை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அது வேடிக்கையாக எழுதப்படவில்லை. ஒவ்வொரு சாவும் காட்னிஸ் என்ற பதினாறு வயதுப் பெண்ணின் தூக்கத்தைக் கெடுக்கிறது. நம் திரைப்படங்களில் நாயகன் நாற்பது பேரை வீழ்த்திவிட்டுப் பாட்டுப் பாடப் போவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? அதைவிட இது பொறுப்பான எழுத்து. 14 வயதுக்கு மேல் தயங்காமல் கொடுப்பேன்.

நான் இந்த நாவலைத் தொடங்கும் விதத்தைச் சொல்கிறேன். கதைக்குள் டெஸரா என்று ஒரு ஏற்பாடு வருகிறது. பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையின் பெயர் குலுக்கலில் ஒரு முறை சேரும். அடுத்த ஆண்டு இரண்டு, அதற்கடுத்த ஆண்டு மூன்று என்று கூடிக்கொண்டே போகும். வீட்டில் பசி என்றால், ஒரு ஆளுக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு விலை, பெயர்ச் சீட்டு ஒன்று கூடுதலாக விழும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு. அதுவும் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும்.

ஒரு எவர்சில்வர் குடத்தையும் ஒரு படி புளியங்கொட்டையையும் எடுத்து வைத்தேன். நம் ஊரில் புளியங்கொட்டைக்கா பஞ்சம். ஆளுக்கொரு குடும்பம் கொடுத்தேன். கடை வைத்திருப்பவரின் மகள், வயது பதினாறு: அவளுக்கு ஐந்து கொட்டை. காட்னிஸ்: தனக்கு ஒன்று, தானியத்துக்காகத் தனக்கும் அம்மாவுக்கும் தங்கைக்கும் மூன்று, ஆக ஆண்டுக்கு நான்கு. ஐந்து ஆண்டுகளில் இருபது. அவளுடைய நண்பன் கேலுக்குப் பதினெட்டு வயது, வீட்டில் ஐந்து பேர்: ஆண்டுக்கு ஆறு, ஏழு ஆண்டுகளில் நாற்பத்திரண்டு. ஒவ்வொருவரும் தங்கள் கொட்டைகளில் சாக்பீஸால் குறி போட்டுக் குடத்தில் கொட்டினார்கள். கேலாக இருந்த பையனுக்கு இரண்டு கைகளும் நிறைந்தன. எண்ணி எண்ணி அவன் குறி போட்டு முடிக்கும்வரை மற்றவர்கள் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவனுடைய அப்பா கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு கிரானைட் குவாரியில் வேலை செய்கிறார். குடத்துக்குள் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "டீச்சர், இது குலுக்கல் இல்லை. ரேஷன் வாங்கினவன் பெயர்தானே உள்ளே நிறைந்து கிடக்கிறது. இதற்குப் போய் அதிர்ஷ்டம் என்று பெயர் வைக்கிறார்கள்."

கடைக்காரர் மகளாக இருந்தவள் சட்டென்று, "என் மேல் ஏன் கோபப்படுகிறாய், குடத்தை நானா வைத்தேன்?" என்று கேட்டாள். நாவலுக்குள் கேல் கண்டுபிடிப்பதும் இதைத்தான். பசித்தவனும் பசிக்காதவனும் ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டிருந்தால் தலைநகரத்துக்கு நிம்மதி. பிள்ளைகள் முதல் அத்தியாயத்தைத் திறப்பதற்கு முன்பே அங்கே போய்விட்டார்கள்.

பிறகு குடத்தைக் குலுக்கி ஒரு கொட்டையை எடுக்கச் சொன்னேன். யார் பெயர் வந்தது என்பது முக்கியமில்லை. நாவலில் எடுக்கப்படுவது, ஒரே ஒரு சீட்டு மட்டும் வைத்திருந்த பன்னிரண்டு வயதுத் தங்கையின் பெயர். அதைப் படிக்கும்போது அவர்களுக்குக் குடம் நினைவுக்கு வரும்.

படம்தான் பார்த்துவிட்டானே, புத்தகம் எதற்கு?

படத்தில் காட்னிஸின் முகம் தெரியும். புத்தகத்தில் அவள் மனத்துக்குள்ளேயே இருப்போம். தான் நடிக்கிறோமா, உண்மையில் அப்படித்தான் உணர்கிறோமா என்று அவளுக்கே தெரியாத இடங்கள் வரும். அவற்றைக் கேமராவால் பிடிக்க முடியாது. படம் பார்த்த பிள்ளைக்குப் புத்தகம் எளிதாகும் என்பதால், பார்த்ததை ஒரு வசதியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை. ஆங்கிலம் தடுமாறுகிறது. என்ன செய்வது?

இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

முதலில் தமிழிலேயே கொடுங்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில் இந்தியா. குழந்தை பெற்றுக்கொள்ளவும் அரசு அனுமதி வேண்டும். காணாமல்போன கணவனைத் தேடும் நிலா என்ற பெண்ணுக்கு ஜீனோ என்ற இயந்திர நாய் துணை. கதை நடப்பது நாம் கடந்து வந்துவிட்ட 2020களின் தொடக்கத்தில். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிள்ளைகள் பட்டியல் போடுவார்கள், போடட்டும். இளையோருக்கென்று தனியாக எழுதப்பட்ட நாவல் இல்லை என்றாலும், பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரே மூச்சில் முடிக்கும் நடை.

ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' க.நா.சுப்ரமண்யம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. மூலம் 1945இல் வந்தது. மாடு, குதிரை, பன்றி, கோழி எல்லாம் நம் பிள்ளைகளுக்கு அன்றாடம் பழகியவை. குதிரையின் உழைப்பைப் பற்றிய பக்கங்களில் எங்கள் வட்டத்தில் யாருக்காவது கண் கலங்காமல் இருந்ததில்லை. ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் க்ரியா வெளியீடாக வந்தது. தீயணைப்பு வீரர்களின் வேலையே புத்தகங்களை எரிப்பது என்றாகிவிட்ட நாடு. மனப்பாடம் செய்வதை வெறுக்கும் மாணவர்கள் அந்த நாவலின் கடைசிப் பகுதியைப் படித்துவிட்டு வந்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஆங்கிலம். 'தி ஹங்கர் கேம்ஸ்' முழுவதும் நிகழ்காலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில் இருக்கிறது. 'தி கிவர்' அதைவிட எளிது. முதல் இரண்டு அத்தியாயங்களை நீங்களோ வேறு யாராவதோ உரக்கப் படித்துக் காட்டுங்கள். பக்கத்துக்கு மூன்று சொற்களுக்கு மேல் அகராதியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புரியாத சொல் மறுபடி வரும். மூன்றாவது முறை வரும்போது தானாகவே புரிந்துவிடும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அர்த்தம் கேட்டுச் சோதித்தால் பிள்ளை புத்தகத்தை மூடிவிடுவான். நானே என் பணிக்காலத்தின் முதல் பத்து ஆண்டுகள் அந்தத் தவற்றைச் செய்தேன். எத்தனை பிள்ளைகளை அப்படி இழந்தேன் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

'தி கிவர்' எந்த வயதுக்கு? அதில் ஒரு குழந்தை கொல்லப்படும் காட்சி வருகிறது என்கிறார்களே?

வருகிறது. அதனால்தான் இதை மற்ற ஊர்களில் பரிந்துரைப்பதுபோல நம் ஊரில் போகிற போக்கில் பரிந்துரைக்க முடியாது.

லோயிஸ் லௌரி எழுதி 1993இல் வெளியான நாவல். மறு ஆண்டு, அமெரிக்காவில் சிறார் நூல்களுக்குத் தரப்படும் நியூபெரி பதக்கம் பெற்றது. ஜோனாஸ் என்ற சிறுவன் வாழும் ஊரில் பசி, சண்டை, வலி எதுவும் இல்லை. நிறங்களும் இல்லை. ஒருநாள் ஒரு ஆப்பிளில் ஏதோ ஒன்று மாறுவதைப் பார்க்கிறான். அது சிவப்பு என்று அவனுக்குத் தெரியாது. ஜூன் மாதம் சந்தையில் மாம்பழக் கூடைகளுக்கு நடுவே வளர்ந்த கிருஷ்ணகிரிப் பிள்ளைக்கு நிறமில்லாத உலகம் என்பது உடனே உறைக்கும்.

அந்த ஊரில் 'விடுவிப்பு' என்று ஒரு சொல் இருக்கிறது. முதியவர்களை விடுவிப்பார்கள். இரட்டைக் குழந்தை பிறந்தால் எடை குறைந்த குழந்தையை விடுவிப்பார்கள். ஜோனாஸின் அப்பா மிகவும் அன்பானவர், குழந்தைகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை ஜோனாஸ் ஒருநாள் பார்த்துவிடுகிறான்.

பெண் சிசுக்கொலை நடந்த மாவட்டம் இது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் இங்கும் வந்தது அதனால்தான். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அந்த அப்பா கெட்டவர் இல்லையே டீச்சர், எப்படிச் செய்தார்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பார் என்றேன். அடுத்த ஞாயிறு அவள் சொன்னது இவ்வளவுதான்: "பாட்டியிடம் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், எனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்தாளாம் என்றார்கள்." அன்று நாங்கள் அதற்கு மேல் எதையும் படிக்கவில்லை.

13 வயதுக்கு மேல் கொடுக்கலாம். நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். சின்ன நாவல், இரண்டு மாலைகள் போதும்.

தன் தோற்றத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே இருக்கும் பெண்ணுக்கு எதைக் கொடுக்கலாம்?

ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் 'அக்லீஸ்'. 2005இல் வந்தது. அந்த நகரத்தில் பதினாறு வயது ஆனதும் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை செய்து அழகாக்கிவிடுவார்கள். அதுவரை அவர்களுக்குப் பெயரே 'அசிங்கங்கள்'. டாலி என்ற பெண் அந்த நாளுக்காக நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய தோழி ஷே, அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று நகரத்தை விட்டு ஓடிவிடுகிறாள்.

இந்தப் புத்தகத்தை நான் ஒரு காரணத்துக்காக வாங்கி வைத்திருக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். புதுப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பற்களில் பழுப்புக் கறை படியும். துலக்கினால் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் கறை படிந்துவிட்ட பிள்ளைகளும், காவிரித் தண்ணீர் சரியாக எட்டாத ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். எங்கள் வட்டத்தில் அப்படி ஒரு பெண் இருந்தாள். வகுப்புப் புகைப்படத்தில்கூட உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பாள்.

அவளிடம் புத்தகத்தைக் கொடுக்கும்போது நான் பல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது முக்கியம். 'உனக்காகத்தான் இது' என்று சொல்லிக் கொடுத்தால் அது மருந்தாகிவிடும். பிள்ளைகள் மருந்தைத் துப்பிவிடுவார்கள். மூன்று வாரம் கழித்து அவள் வந்து பேசியது டாலியைப் பற்றித்தான். அழகு எது என்று தீர்மானித்த அந்தக் குழுவில் யாரெல்லாம் இருந்தார்கள், அவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஏன் புத்தகத்தில் யாரும் கேட்கவில்லை என்றாள். பேசும்போது கை மடியில் இருந்தது. நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

'டைவர்ஜென்ட்', 'லெஜண்ட்', 'மேஸ் ரன்னர்' எல்லாம் எப்படி?

வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' 2011இல் வந்தது. பதினாறு வயதில் ஐந்து பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குள்ளேயே வாழ்ந்து முடிக்க வேண்டும் என்ற உலகம். பத்தாம் வகுப்பு முடித்து, எந்த குரூப் எடுப்பது என்று வீடே சண்டை போடும் ஜூன் மாதத்தில் இதைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்தாக 'ஹங்கர் கேம்ஸ்' அளவுக்கு அழுத்தமில்லை. மூன்றாம் பாகம் என் கணக்கில் தளர்ச்சி.

மேரி லூவின் 'லெஜண்ட்' நாவலில் பத்து வயதில் ஒரு தேர்வு. அதன் மதிப்பெண் வாழ்க்கையை முடிவு செய்துவிடும். 1500க்கு 1500 வாங்கிய பெண்ணும், தோற்றுப்போனவன் என்று முத்திரை குத்தப்பட்ட பையனும் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். மதிப்பெண்ணால் நொந்த பிள்ளைகளுக்கு நான் முதலில் நீட்டுவது இதைத்தான்.

ஜேம்ஸ் டாஷ்னரின் 'தி மேஸ் ரன்னர்' ஓட்டமாக ஓடும். நினைவு அழிந்த பையன்கள், சுற்றிலும் இரவில் இடம் மாறும் சுவர்கள். ஆழம் குறைவு. ஆனால் புத்தகத்தையே தொடாத பையனைத் தொடவைக்கும். அதற்காகவே என் அலமாரியில் இரண்டு பிரதிகள் இருக்கின்றன.

மூன்று பாகம், நான்கு பாகம் என்று போகிறதே, எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

வேண்டாம். முதல் பாகத்தோடு நிறுத்தினால் குற்றமில்லை.

காதல் காட்சிகள் இருக்குமா?

முத்தங்கள் இருக்கும். மேலே சொன்ன நாவல்களில் அதைத் தாண்டி வீட்டில் சங்கடப்படும் அளவுக்குப் பெரிதாக எதுவும் இல்லை. பிள்ளையின் கைபேசியில் வந்து விழுவதோடு ஒப்பிட்டால் இவை மிகக் கண்ணியமானவை.

படிக்கும் பிள்ளைகள் அரசாங்கத்தையே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட மாட்டார்களா?

ஆரம்பிப்பார்கள். பதினெட்டு வயதில் ஓட்டுப் போடப் போகிற பிள்ளை பதினாறு வயதில் கேள்வி கேட்கப் பழகுவதில் எனக்கு மகிழ்ச்சி. கண்காணிப்பைப் பற்றிப் பேச கோரி டாக்டரோவின் 'லிட்டில் பிரதர்' நல்லது. 2008இல் வந்த அந்த நாவலை ஆசிரியரே இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கொடுத்திருக்கிறார். பிகாரில் மோதிஹாரியில் பிறந்த ஆர்வெல் எழுதிய '1984' நாவலைப் பதினேழு வயதுவரை தள்ளி வையுங்கள். அதில் விடிவு கிடையாது.

என்னுடைய கவலை வேறு. இந்த நாவல்களில் கொடுங்கோல் ஆட்சி மூன்று பாகத்துக்குள் கவிழ்ந்துவிடுகிறது. நிஜத்தில் நியாயம் அப்படி வருவதில்லை என்பதைப் பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பேச, நம் மாவட்டத்திலேயே வாச்சாத்தி இருக்கிறது. அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்துச் சிற்றூர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஊர் மக்கள் பத்தொன்பது ஆண்டுகள் சாட்சி சொல்லிச் சொல்லி நின்று வாங்கிய தீர்ப்பு அது. வில்லும் அம்பும் எடுக்காமல், பஸ் ஏறி நீதிமன்றத்துக்குப் போய்வந்த பெண்கள் அவர்கள்.

காட்னிஸை நேசிக்கும் ஒரு பெண் வாச்சாத்தியையும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மனச்சோர்வில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். பொதுத்தேர்வு முடிவு வரும் வாரங்களில் எந்தப் பிள்ளைக்கும் புதிதாக எடுத்துக் கொடுக்க வேண்டாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, தனியாகவே இருக்கும் பிள்ளைக்குப் புத்தகத்தைவிட மனிதர் தேவை. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி எப்போதும் தமிழிலேயே கிடைக்கும். 104இலும் பேசலாம்.

இருட்டான கதைகளால் களைத்துப்போன பிள்ளைக்கு வெளிச்சமான ஒன்றைச் சொல்கிறேன். வங்கத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்ற சிறுகதை 1905இல் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் இதழில்தான் முதலில் வெளியானது. ஆண்கள் வீட்டுக்குள் இருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தைப் பயன்படுத்தி நாட்டை நடத்தும் கதை. ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். எங்கள் மாடியில் அதைப் படித்த அன்று பெண்களின் சிரிப்புச் சத்தம் தெருவுக்கே கேட்டது.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர்களிலும் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. உறுப்பினராகுங்கள், இல்லாத புத்தகத்தைப் பரிந்துரைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். ஒருவர் எழுதினால் யாரும் கவனிக்க மாட்டார்கள், பத்துப் பேர் எழுதினால் வாங்குவார்கள். ஆண்டுதோறும் நடக்கும் மாவட்டப் புத்தகத் திருவிழாவில் தமிழ் மொழிபெயர்ப்புகள் கிடைக்கும். ஓசூரில் இருப்பவர்கள் ஒருநாள் பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் போனால் ஆங்கில நாவல்களைப் பழைய பிரதிகளாகக் குறைந்த விலைக்கு வாங்கலாம். என் அலமாரியில் பாதி அங்கிருந்து பஸ்ஸில் சுமந்து வந்ததுதான்.

படித்து முடித்த பிள்ளையிடம் என்ன கேட்பது?

'இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்தவுடன் பிள்ளை தேர்வறைக்குள் போய்விடுகிறான். 'அந்த ஊரில் நீ இருந்திருந்தால் எந்த வீட்டில் பிறந்திருப்பாய்?' என்று கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றியது என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனம் நீளும்போது நமக்குத்தான் தாங்காது, அவர்களுக்கு அது தேவைப்படுகிறது.

என் மகள் 'தி கிவர்' முடிவைப் படித்துவிட்டு ஜோனாஸ் செத்துப்போனானா பிழைத்தானா என்று நச்சரிக்கிறாள். என்ன சொல்வது?

அவள் என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள். எங்கள் வட்டத்தில் இது பற்றி இரண்டு கட்சிகள் இருக்கின்றன, இன்னும் தீரவில்லை. அவளை ஒரு ஞாயிறு அனுப்பிவையுங்கள். பிழைத்தான் என்று சொல்லும் பக்கத்தில் ஆள் குறைவாக இருக்கிறது.